அக்கா தேடி வந்த மீன்

1

படகின் பின்தளத்தில் ஒரு நீலத் தொட்டி உண்டு. கடலிலிருந்து ஏறியவர்கள் கழற்றிப் போடும் ரப்பர் உடைகளையும் முகக்கண்ணாடிகளையும் அதில் முக்கி எடுப்பார்கள். அந்தத் தண்ணீரில் என்ன மருந்து கலக்கிறார்களோ, தெரியாது. மூடியைத் திறந்ததும் ஒரு நெடி எழும்பி மூக்கின் உள்சுவரைச் சுரண்டும். கண் கலங்கும். அடுத்த நொடி நான் ஆஸ்திரேலியாவில் இல்லை. தாம்பரத்தில், ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் விலங்கியல் ஆய்வகத்தில், மாலை நாலரை மணிக்கு, மர ஸ்டூலில் உட்கார்ந்து அக்காவுக்காகக் காத்திருக்கிறேன். சுற்றிலும் ஃபார்மலின் புட்டிகள். ஜன்னலுக்கு வெளியே பீச் ஸ்டேஷன் போகிற மின்ரயில் தடதடக்கிறது.

அந்த ஜூன் மாதச் சனிக்கிழமையும் அப்படித்தான் நெடி ஏறியது, தாம்பரம் வந்தது, போனது. அக்கா இங்கே வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜலதோஷம் என்று அன்று வீட்டில் இருந்துவிட்டாள். நான் மட்டும் போனேன். நீரில் இறங்கிய இருபதாவது நிமிடம், அவள் முப்பது வருஷமாகப் பெயர் தேடிக்கொண்டிருந்த மீனைப் பார்த்தேன்.

பார்த்ததை அன்று அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கத்தான் இந்தக் குறிப்புகள்.

2

வசந்தா அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொன்னாள், எல்லாமே நம்பும்படி இருந்தன. அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. நான் பிளஸ் ஒன். பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அவள் ஆய்வகத்தைப் பூட்டும்வரை காத்திருப்பேன்.

புட்டிகளுக்கு நடுவே ஒரு புட்டியில் லேபிள் அழிந்துபோயிருந்தது. அக்கா வேலைக்கு வருவதற்கு முன்பே, யாரோ எந்தச் சுற்றுலாவிலோ எந்தக் கடற்கரையிலிருந்தோ கொண்டுவந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு மீன். வேகவைத்த முட்டை மாதிரி வெளுத்திருக்கும். ஃபார்மலின் முதலில் தின்பது நிறத்தைத்தான். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் போய்விடும். மிஞ்சுவது எலும்பும் வடிவமும். அந்த மீன் மிதக்கவே இல்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. மார்புத் துடுப்பின் கீழ்க் கதிர்கள் விரல் மாதிரி தடித்திருக்கும். அவற்றைப் புட்டியின் அடியில் ஊன்றிக்கொண்டு, கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருக்கும். நானும் காத்திருப்பவன்தானே. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

'மீனின் புற அமைப்பு' என்று வருஷா வருஷம் பெண்கள் அதைத்தான் ரெக்கார்டு நோட்டில் வரைவார்கள். முதுகில் பத்து முட்கள். முள் நுனிகளில் பிசிர் பிசிராக ஏதோ இருக்கும்.

"அது புட்டியில கெட்டுப்போன கிழிசல். அதை வரையாதீங்க. சுத்தமா முள்ளு மட்டும் வரைங்க" என்பாள் அக்கா.

ஆய்வகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தபோது புட்டி விழுந்து உடைந்தது. மீனை வாரிக் குப்பையோடு கொட்டிவிட்டார்கள். அக்கா அன்று சாப்பிடவில்லை. பெயர் சொல்லாமலே போய்விட்டது என்றாள், வந்துபோன விருந்தாளியைச் சொல்வதுபோல. மிஞ்சியது அவளே பென்சிலில் வரைந்து லாமினேட் செய்து வைத்திருந்த ஒரு படம். பிசிர் இல்லாமல், சுத்தமாக.

அந்தப் பெயரைத் தேடி அவள் போகாத இடமில்லை. நூலகங்களில் தேடினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு கோவளத்துக்கு பஸ் ஏறினாள். எங்கள் வீடு சைவம். படகுகளின் ஓரமாக மீன் விற்பவர்களுக்கு நடுவில் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாகத் தூக்கித் துடுப்பை விரித்துப் பார்ப்பாள்.

மீன் விற்கிற அம்மா ஒரு நாள் கேட்டே விட்டார். "இன்னா டீச்சர், வாராவாரம் வந்துகினு கீற. செவுள தொறந்து பாக்குற, வாய தொறந்து பாக்குற, வாங்க மட்டும் மாட்ற?"

"நாங்க சாப்பிட மாட்டோம்மா."

"துன்ன மாட்டேன்னா அதுங்கள எதுக்குப் பேஜார் பண்ற? செத்தப்பொறமும் ஒரு நிம்மதி வாணாமா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரமும் போனாள்.

3

நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம். வடகிழக்குக் கரையில் கெய்ன்ஸ் என்ற ஊர். குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் வேலை. ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் பவளப்பாறை. நீந்தத் தெரியாமல் வந்தவன் நாற்பது வயதில் கற்றுக்கொண்டு, சனிக்கிழமைகளில் மீன் கணக்கெடுக்கும் தன்னார்வக் குழுவில் சேர்ந்தேன். பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும் கொடுப்பார்கள். தண்ணீருக்குள்ளேயே எழுதலாம். பார்த்த மீனின் பெயர், எத்தனை, எந்தப் பாறை.

அப்பா அம்மா இருவரும் போன பிறகு எங்கள் சேலையூர் வீடு அடுக்குமாடியாகிவிட்டது. அக்கா ஓய்வுபெற்று ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தாள். வா வா என்று பத்து வருஷம் கூப்பிட்டேன். "அங்க வந்து என்னடா பண்ணப் போறேன்" என்பாள். கடைசியில் வேறு தூண்டில் போட்டேன்.

"உன் மீன் இங்க இருக்கும்க்கா. வந்தா கண்டுபிடிச்சிடலாம்."

மறுநாளே விசா படிவத்தை நிரப்பிவிட்டாள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: மீன் பார்க்க.

"என்னக்கா இப்படி எழுதி வெச்சிருக்க? தம்பியைப் பார்க்கன்னு எழுதக் கூடாதா?"

"உன்னைத்தான் வீடியோல தினமும் பாக்கறேனே."

தூதரகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நான் பயந்துபோய் இங்கிருந்து ஒரு பதில் தயார் செய்து அனுப்பினேன். அவள் அதைத் தொடவே இல்லை. இரண்டு பக்கத்துக்குத் தன் கையெழுத்தில் புட்டி வந்த கதையிலிருந்து ஆரம்பித்து, படம் வரைந்து, ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து, பாகங்களைக் குறித்து அனுப்பினாள். இனி ஆகாது என்று நினைத்தேன். மூன்று மாதத்துக்கு விசா வந்தது. அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் பள்ளியில் ரெக்கார்டு நோட்டு எழுதியவராக இருந்திருக்க வேண்டும்.

விமான நிலையத்தில் இறங்கிய அக்காவின் முதல் பேச்சே இதுதான்: "பேர் தெரிஞ்சா போதும். தெரிஞ்ச மறு வாரம் கெளம்பிடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

4

எனக்கோ வேறு கணக்கு இருந்தது. நீண்ட நாள் தங்குவதற்கான விண்ணப்பம் ஒன்றை நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தேன். பதினெட்டுப் பக்கம். அக்கா அதன்மேல் மோர் டம்ளரை வைப்பாள். "பாக்கலாம்" என்பாள். நான் வாய்விட்டு 'இருந்துவிடு' என்று கேட்கவில்லை. காகிதம் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த ஊர் பழக்கிக் கொடுத்த கோழைத்தனம் அது. இங்கே எல்லாவற்றையும் காகிதம்தான் கேட்கும்.

மகள் நிலா மெல்போர்னில் படிக்கிறாள். போய் ஒன்றரை வருஷம். வாரத்துக்கு இரண்டு முறை பேசுகிறவள், பிறகு ஒரு முறை, பிறகு செய்தி மட்டும். அத்தை வந்ததும் வீடியோவில் வந்தாள்.

"அத்தை, ஃபிஷ் பாத்தாச்சா? நான் வரும் லாஸ்ட் வீக். ப்ராமிஸ்."

"எங்க வரும்? யார் வரும்?" என்றாள் அக்கா.

"நான் தான், அத்தை. நான் வரும்."

அவள் தமிழில் வினைச்சொற்கள் மட்டும் வெளியூர் போய்விட்டன. அக்கா திருத்தவில்லை. "வா கண்ணு, வரும்போது வா" என்றாள். அக்கா இங்கே இருந்த அந்தக் கடைசி வாரம், பரீட்சை என்று நிலா வரவில்லை. எதிர்பார்த்ததுதான்.

மனைவி சுதா மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. அவள் வரும்போது நான் கிளம்புவேன். வீட்டில் பேச்சு என்பது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டுகள்தான். அந்த வீட்டில் அக்கா வந்ததிலிருந்து காலையில் டபரா சத்தம். மிக்ஸி சத்தம். ஜன்னலில் வந்து உட்காரும் பச்சைக்கிளிகளோடு அவள் பேசும் சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சொல். "டேய், குடை எடுத்துக்கோ." "டேய், என்னடா இப்படி இளைச்சுப் போயிட்ட." இந்த நாட்டில் என்னை மேலதிகாரியும் மனைவியும் வங்கியும் மருத்துவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். டேய் என்று கூப்பிட ஒருவரும் இல்லை. ஐம்பத்துநாலு வயதில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது அது தினமும் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

பேர் தெரிஞ்ச மறு வாரம் கிளம்பிடுவேன் என்றாளே, அது ஞாபகத்தில் இருந்துகொண்டே இருந்தது.

5

மீனைச் சொல்கிறேன்.

இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலான ஆழம். வெயில் தண்ணீருக்குள் வலை பின்னிக்கொண்டிருந்தது. காலிஃபிளவர் மாதிரி ஒரு பவளம். அதன் உச்சிக் கிளையில் ஒரு மீன் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் எல்லா மீன்களும் அலைக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்க, இது மட்டும் இடம்பிடித்தவன் மாதிரி அசையாமல் இருந்தது. இளஞ்சிவப்பான உடம்பு. பின்பாதியில் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டை. கண்ணுக்குப் பின்னால் குதிரைலாடம் போல ஒரு வளைவு, ஆரஞ்சும் வெளிர்நீலமும் மாறி மாறி, யாரோ மிக மெல்லிய தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டியது போல.

நிறத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஊன்றியிருந்த துடுப்பைப் பார்த்தேன். தடித்த கீழ்க் கதிர்கள். விரல்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர். முதுகைப் பார்த்தேன். முட்கள். ஒவ்வொரு முள் நுனியிலும் பிசிர்.

அக்காவின் படத்தில் பிசிர் கிடையாது. ஆனால் படத்தைப் பார்த்து வளர்ந்தவன் இல்லையே நான். புட்டியைப் பார்த்து வளர்ந்தவன்.

பலகையை எடுத்தேன். பென்சில் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எழுதவில்லை. மேலே வந்ததும் குழுத் தலைவி ஒவ்வொருவராகக் கேட்டார், புதிதாக ஏதும் உண்டா என்று. வழக்கமானவைதான் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா மிளகு ரசத்தின் முன்னால் தலையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடா பாத்த?"

"வழக்கமானதுதான்க்கா."

"பரவால்ல. அது எங்க போயிடப் போகுது" என்றாள். தட்டில் ரசம் ஊற்றினாள். சாப்பிட முடியவில்லை. ரசம் காரம் என்றேன்.

6

ஜலதோஷம் சரியாகி அக்காவும் வந்தாள். ரப்பர் உடையைப் பார்த்ததும், "லாரி டயர் மாதிரி இருக்கு. இதுக்குள்ள எப்படிடா நுழையறது?" என்றாள். சுடிதாரின் மேலேயே மாட்டிக்கொள்வேன் என்று பிடிவாதம். உதவிக்கு வந்த படகுக்காரப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் சேர்ந்து சிரித்தாள். நகராட்சி நீச்சல்குளத்தில் இரண்டு வாரம் பழகியிருந்ததால் குழாய் வழியாக மூச்சுவிட வந்தது. மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு, என் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். அறுபத்திரண்டு வயதில், முப்பத்துச் சொச்சம் வருஷம் மீன் பாடம் நடத்தியவள், முதன்முதலாக நீந்துகிற மீனைப் பார்த்தாள். குழாய் வழியாக ஏதோ சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நான் அவளை இடது பக்கமாகவே கூட்டிப் போனேன். அந்தப் பவளம் வலது பக்கம். இரண்டு பயணம் இப்படிப் போயிற்று. வண்ணத்துப்பூச்சி மீன், கிளிமீன், கோமாளி மீன் எல்லாம் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவள் வாயையும் துடுப்பையும்தான் பார்த்தாள். படகில் ஏறியதும் பையிலிருந்து லாமினேட் படத்தை எடுத்துப் பார்ப்பாள். திரும்ப வைப்பாள்.

மூன்றாவது பயணத்தில் நீரில் இறங்கியதும் குழாயை வாயிலிருந்து எடுத்தாள்.

"இடது பக்கம் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. வலது பக்கம் என்ன, யாராவது செத்துக் கிடக்காங்களா?"

அவள் என்னையே பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. சிறுவயதில் நான் பொய் சொன்ன நாட்களிலும் அவை அப்படித்தான் இருக்கும். அவள் கையைப் பிடித்து வலது பக்கம் திரும்பினேன்.

அதே கிளையில் உட்கார்ந்திருந்தது. நான் சுட்டிக்காட்டவில்லை. அவள் கடந்து போனாள், நின்றாள், வளையத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வெகுநேரம் அசையவே இல்லை. பிறகு என் கையை விட்டுவிட்டு, வளையத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தண்ணீருக்குள் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தாள். ஒரு கை முடிந்து அடுத்த கை. பத்து.

தலையைத் தூக்கியபோது கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது.

"கிழிசல் இல்லடா அது."

"ம்."

"குஞ்சம். ஒவ்வொரு முள்ளு நுனிலயும் குஞ்சம். அதோட உடம்பே அப்படித்தான்." மூச்சு வாங்கினாள். "எத்தனை பிள்ளைங்க நோட்டுல ரப்பர் போட்டு அழிக்க வெச்சிருக்கேன். ஒருத்தி, பேர் ஞாபகம் வரல, மிஸ் நுனியில என்னமோ இருக்கு மிஸ்னு எழுந்து நின்னு சொன்னா. கண்ணுல பட்டதை வரைஞ்சா. அவளுக்கு மார்க் குறைச்சேன்டா நான்."

படகில் ஏறி, உடையைக் கழற்றி, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த தேநீர் கையில் ஆறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"எனக்கு மூணு வாரமா தெரியும்க்கா."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"பலகையில எழுதினியா?"

"இல்ல."

"அப்ப அன்னிக்குக் கணக்குல அந்த மீனே இல்ல."

"இல்ல."

"போய்த் திருத்திட்டு வா."

எழுந்து போய்க் குழுத் தலைவியிடம் சொன்னேன். எழுத விட்டுப்போயிற்று என்றேன். அவர் தேதியைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார், ஆங்கிலத்தில் பருந்து என்று பெயர் வைத்த மீன் வகை அது என்றும் சொன்னார். கிளையில் உட்கார்ந்து பார்த்திருந்து பாயுமாம். திரும்பி வந்து அக்காவிடம் பெயரைச் சொன்னேன். முப்பது வருஷமாகத் தேடிய பெயர். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் இருக்கணும்னா என்னைக் கேக்கணும். அந்த மீனை எதுக்குடா மறைக்கற?"

"கேட்டா இருப்பியா?"

"கேட்டுப் பாத்தியா?"

படகு கிளம்பியது. என்ஜின் இரைச்சலில் குரலை உயர்த்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். "இங்கயே இருந்துடுக்கா." சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரை வரும்வரை பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

7

சொன்ன சொல் தவறாமல் மறு வாரத்துக்குப் பயணச்சீட்டை மாற்றிக்கொண்டாள். இடையில் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் சாப்பாட்டு மேஜையில் பென்சில் சீவல்கள். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்திருக்கிறது. அதில் மீனைப் புதிதாக வரைந்திருந்தாள். பத்து முள், பத்துக் குஞ்சம். கண்ணுக்குப் பின்னால் அந்த வளைவு. கீழே தலைப்பு. பாகங்கள் குறித்து முடிந்திருந்தது.

"இதைக் கிழிச்சு எடுத்துக்கட்டுமா?" என்றாள். "மத்த பதினேழு பக்கமும் உன்கிட்டயே இருக்கட்டும்."

எடுத்துக்கொள் என்றேன். அது பதில்தானா, இல்லை காகிதம் தேவைப்பட்டதாலா என்று அவள் முகத்திலிருந்து படிக்க முடியவில்லை.

விமான நிலையத்துக்கு அதிகாலையில் போனோம். சுதா ஷிப்டில் இருந்தாள், முந்தின நாளே விடைபெற்றுக்கொண்டாள். பெட்டி எடை போட்டு உள்ளே போயிற்று. சிங்கப்பூரில் மாற வேண்டிய வாயில் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சோதனைக்குப் போகும் வரிசை மெல்ல நகர்ந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் நான் போகக் கூடாது, தரையில் மஞ்சள் கோடு.

ஊரில் இறங்கியதும் மீனம்பாக்கத்திலிருந்து ஊரப்பாக்கம் எவ்வளவு நேரமாகும், சாவி யாரிடம் இருக்கிறது, பால் வந்திருக்குமா என்று தேவையில்லாததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவள் முறை வந்தது. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அக்கா, அன்னிக்கு நான் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லல."

கோட்டைத் தாண்டிவிட்டு நின்று திரும்பினாள். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

"நானும் இங்கயே தங்கிட்டா, நீ எதுக்குடா ஊருக்கு வரப்போற?"